நோய்க் கட்டுப்பாட்டு மண்டலத்திலிருந்து கால்நடையை வெளியே கொண்டுபோவது எப்படி?

பக்கத்தில் ஒரு பண்ணையில் கோமாரி (கால் வாய் நோய்) உறுதியாகிவிட்டது. வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டார்கள், உங்கள் தொழுவம் அந்த வட்டத்துக்குள் விழுந்துவிட்டது. உங்கள் மாடுகள் நன்றாக மேய்கின்றன, அசை போடுகின்றன, பால் குறையவில்லை. அடுத்த வாரம் அனுப்ப வேண்டிய காளைகள் கட்டுத்தறியில் நிற்கின்றன, வைக்கோல் படப்போ நாளுக்கு நாள் இறங்குகிறது. நோயே இல்லாத மாட்டை ஏன் தடுக்கிறார்கள் என்ற கோபம் வருவது இயல்புதான். ஆனால் அந்தக் கோபத்தோடு வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். முறையாக வெளியே கொண்டுபோக வழி இருக்கிறது. அது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன். வட்டத்தின் அளவு, படிவத்தின் பெயர், அதிகாரியின் பதவி எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அடிப்படை முறை எங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலில் நாட்கணக்கு

விதிகளைப் படிப்பதற்கு முன் ஒன்றை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். கிருமி உடம்புக்குள் போகும் நாளும் நோய் கண்ணுக்குத் தெரியும் நாளும் ஒன்றல்ல. இடையில் உள்ள நாட்களில் மாடு பார்ப்பதற்கு ஆரோக்கியமாகவே இருக்கும். கோமாரியில் வாயில் கொப்புளம் வருவதற்கு முன்பே எச்சிலிலும் பாலிலும் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடுகிறது. தடை, அனுமதி, பரிசோதனை, காத்திருப்பு என்று எல்லா விதிகளும் இந்த மறைவான நாட்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

உலக விலங்கு நல அமைப்பின் நெறிமுறைத் தொகுப்பு இந்த மறைவுக் காலத்துக்கு ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறது. கோமாரிக்கு 14 நாள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு 15 நாள். ஆடுகளைத் தாக்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கு 21 நாள். மாட்டுத் தோல் கழலை நோய்க்கு 28 நாள். உங்கள் பகுதியில் வந்திருப்பது எந்த நோயோ, அதற்கான எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி கேட்கும் கேள்விகளில் பாதி அந்த எண்ணிலிருந்துதான் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பண்ணையில் 20ஆம் தேதி கோமாரி உறுதியாகிறது. புண்ணைப் பார்த்த மருத்துவர் அது நான்கு நாள் பழையது என்கிறார். அப்படியானால் நோய் வெளிப்பட்டது 16ஆம் தேதி. அதிலிருந்து 14 நாள் பின்னால் போனால் 2ஆம் தேதி. 2ஆம் தேதிக்குப் பிறகு அந்தப் பண்ணையிலிருந்து போன ஒவ்வொரு மாடும், அங்கே போய்வந்த ஒவ்வொரு வண்டியும் சந்தேகத்துக்கு உரியவை. நீங்கள் 9ஆம் தேதி அங்கிருந்து ஒரு கன்று வாங்கியிருந்தால், உங்கள் தொழுவம் வட்டத்துக்கு வெளியே எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் கட்டுப்பாடு உங்களுக்கும் வரும்.

இந்த மறைவான நாட்கள் என்ன செய்யும் என்பதற்கு 2001ஆம் ஆண்டு பிரிட்டனில் நடந்ததைவிடத் தெளிவான சான்று கிடையாது. பிப்ரவரி 20ஆம் தேதி ஓர் இறைச்சிக்கூடத்தில் இருந்த பன்றிகளில் கோமாரி உறுதியானது. 23ஆம் தேதி நாடு முழுவதும் கால்நடைப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். மூன்றே நாள்தான், ஆனால் அதற்கு முன்பே செம்மறிகள் சந்தை சந்தையாகக் கை மாறிப் போயிருந்தன. செம்மறியில் கோமாரி மிக லேசாகத்தான் தெரியும். சிறிது நொண்டும், மறுநாள் சரியானதுபோல் நிற்கும். நோய் முதன்முதலில் உறுதியாவதற்கு முன்பே குறைந்தது 57 இடங்களுக்குத் தொற்று போய்ச் சேர்ந்திருந்தது என்று பின்னர் கணக்கிட்டார்கள். கடைசியில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. அவற்றில் பல நோயே வராதவை.

எந்த வளையத்தில் இருக்கிறீர்கள்?

பொதுவாக இரண்டு வளையங்கள் இருக்கும். நோய் கண்ட இடத்தைச் சுற்றி உள்வளையம், அதற்கு வெளியே கண்காணிப்புக்கான பெரிய வளையம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியில் கோமாரி, பன்றிக் காய்ச்சல், பறவைக் காய்ச்சல் போன்றவற்றுக்கு உள்வளையம் குறைந்தது 3 கிலோமீட்டர், வெளிவளையம் 10 கிலோமீட்டர். தோல் கழலை நோய்க்கு அதே விதியில் 20, 50 கிலோமீட்டர். குதிரைகளைத் தாக்கும் ஆப்பிரிக்கக் குதிரை நோய்க்கு 100, 150 கிலோமீட்டர். ஏன் இவ்வளவு வித்தியாசம்? பின்னால் சொன்ன இரண்டும் பூச்சிகள் பரப்பும் நோய்கள். மாட்டைக் கட்டிவைக்கலாம், ஈயையும் கொசுவையும் கட்டிவைக்க முடியாது.

வட்டம் எப்போதும் வட்டமாகவே இருக்காது. ஆறு, நெடுஞ்சாலை, நிர்வாக எல்லை ஆகியவற்றை ஒட்டி வளைந்து போகலாம். அதனால் அண்ணன் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நம்பாதீர்கள். அறிவிப்பையும் வரைபடத்தையும் நேரடியாகப் பாருங்கள், எந்தத் தேதியில் வெளியானது என்றும் பாருங்கள். புதிதாக ஒரு பண்ணையில் நோய் வந்தால் நேற்றைய எல்லை இன்று செல்லாது. வண்டி கிளம்பும் நாள் காலையில் மறுபடியும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

தொழுவம் வெளியே, மேய்ச்சல் நிலம் உள்ளே என்று எல்லைக்கோடு உங்கள் நிலத்தின் நடுவே போனால்? பல நாடுகளில் பண்ணையின் ஒரு பகுதி உள்ளே இருந்தாலே முழுப் பண்ணையும் உள்ளே இருப்பதாகத்தான் கணக்கு. அந்தக் கோட்டைத் தாண்டி மாட்டை நடத்திப் போவதும் போக்குவரத்துதான். சொந்த நிலம்தானே என்று பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கால்நடையோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் தடைக்குள் வரும் என்பதையும் அறிவிப்பில் படியுங்கள். சாணம், எரு, சிறுநீர்க் கழிவு, வைக்கோல், பால், கருவூட்டலுக்கான விந்துக் குச்சி, செத்த உடல், பயன்படுத்திய கயிறும் கருவியும்கூட இருக்கும். மாட்டுக்கு அனுமதி வாங்கிவிட்டு, அதே வண்டியில் நாலு கட்டு வைக்கோலையும் போட்டு அனுப்பினால் அது தனிக் குற்றம்.

எதற்காக வெளியே போக வேண்டும்?

விண்ணப்பம் எழுதுவதற்கு முன் இதற்குப் பதில் சொல்லிப் பாருங்கள். மண்டலத்திலிருந்து வெளியே போவதற்குப் பொதுவாக ஒப்புக்கொள்ளும் காரணங்கள் கொஞ்சம்தான். நேராக இறைச்சிக்கூடத்துக்குப் போவதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட எளிதில் அனுமதி கிடைக்கும். அங்கே போகும் விலங்கு அடுத்த மந்தையோடு சேரப்போவதில்லை என்பதே காரணம். அடுத்தது விலங்கின் நலன்: வெள்ளம், தண்ணீர் இல்லாமை, தீவனம் அடியோடு தீர்ந்துபோவது, குட்டி போட வசதி இல்லாத இடத்தில் சினை ஆடுகள் மாட்டிக்கொள்வது போன்றவை. ஒரே உரிமையாளரின் இரண்டு இடங்களுக்கு இடையே மாற்றுவதற்குச் சில சமயம் கிடைக்கும். மண்டலத்துக்கு வெளியிலிருந்து கிளம்பி, மண்டலத்தின் வழியாக நிற்காமல் கடந்து போவதற்குத் தனி விதி உண்டு.

சந்தைக்கு, கண்காட்சிக்கு, இனப்பெருக்கத்துக்கு விற்க என்று கேட்டால் உள்வளையத்தில் இருக்கும்வரை கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சந்தை என்பது பல ஊர் மாடுகள் மூச்சோடு மூச்சு கலந்து, மறுபடி பல ஊர்களுக்குப் பிரிந்து போகும் இடம்.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பிரச்சினை தீவனம் மட்டும்தான் என்றால் மாட்டை வெளியே கொண்டுபோவதைவிடத் தீவனத்தை உள்ளே கொண்டுவருவது எளிது. வெளியிலிருந்து வரும் தீவன வண்டிக்குப் பெரும்பாலும் கட்டுப்பாடு குறைவு. பண்ணை வாசலில் இறக்கிவிட்டு, சக்கரத்தைக் கிருமிநாசினியால் கழுவிவிட்டுத் திரும்பிவிடலாம். மாடு இருந்த இடத்தில் இருக்கும்வரை புது ஆபத்து எதுவும் உருவாவதில்லை.

கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

சரி, போகத்தான் வேண்டும் என்று முடிவானால் அன்றைக்கே ஆவணங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு விலங்கின் காது வில்லை எண். பண்ணைப் பதிவேடு. கடந்த ஒரு மாதத்தில் எந்த விலங்கு வந்தது, எது போனது, யார் வந்துபோனார்கள் என்ற குறிப்பு. தடுப்பூசிச் சான்று. போய்ச் சேரும் இடத்தின் பெயர், பதிவு எண், அவர்கள் ஏற்றுக்கொள்வதாக எழுதிய கடிதம். வண்டி எண், ஓட்டுநர் விவரம், போகும் வழி.

காது வில்லை கழன்று விழுந்திருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். எண் இல்லாத விலங்கைக் காகிதத்தில் இருக்கும் விலங்கோடு சேர்த்துக் காட்ட முடியாது. அனுமதி கிடைத்த பிறகும் ஏற்றும் இடத்தில் வண்டி நின்றுபோவதற்கு இது ஒன்றே போதும்.

பதிவேடு எழுதும் பழக்கம் இல்லாதவர்கள் ஒரு பழைய நாட்குறிப்பை எடுத்து, நினைவிலிருந்து உண்மையாக எழுதுங்கள். பால் வண்டி எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தது, கருவூட்டலுக்கு யார் வந்தார், கன்று வாங்க யார் வந்து பார்த்தார் என்று. விட்டுப்போனதை மறைக்க வேண்டாம். பின்னால் வேறொருவர் பதிவேட்டில் உங்கள் பெயர் வந்தால் சிக்கல் இரட்டிப்பாகும்.

தடுப்பூசி போட்டிருக்கிறதே?

இதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். சான்றைக் காட்டினால் கதவு திறந்துவிடும் என்று நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

தடுப்பூசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக நாட்கள் ஆகும். அந்த இடைவெளியில் தொற்று வந்தால் விலங்கு நோய்ப்படலாம். அதனால்தான் விதிகளில் ஊசி போட்டு இத்தனை நாள் ஆகியிருக்க வேண்டும் என்று இருக்கும். தோல் கழலை நோய்க்கு ஐரோப்பிய விதிகள் கேட்பது குறைந்தது 28 நாள்.

கோமாரியில் இன்னொரு சிக்கல். அந்த வைரஸில் ஏழு வகைகள் உண்டு: ஓ, ஏ, சி, ஆசியா-1, அப்புறம் சாட்-1, 2, 3. ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தடுக்காது. சரியான வகைக்கே போட்டிருந்தாலும், ஊசி போட்ட மாடு தொற்றுக்கு ஆளானால் கொப்புளம் இல்லாமலே தொண்டைப் பகுதியில் வைரஸைப் பல மாதங்கள் வைத்திருக்கலாம். நோய் தெரியாது, கிருமி இருக்கும். அந்த மாட்டை நோயே இல்லாத பகுதிக்கு அனுப்ப எந்த அதிகாரியும் தயங்கத்தான் செய்வார். ஊசியால் வந்த எதிர்ப்புச் சக்தியா, தொற்றால் வந்ததா என்று பிரித்துக் காட்டும் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதைக் கேட்டால் மறுக்காமல் செய்துகொள்ளுங்கள். உங்கள் மந்தை சுத்தமானது என்று நிரூபிக்க அதுதான் வலுவான சான்று.

மண்டலம் அறிவித்த பிறகு அவசர அவசரமாக நீங்களே ஊசி வாங்கிப் போடாதீர்கள். சில இடங்களில் அதற்குத் தடை உண்டு. தடை இல்லாவிட்டாலும், அன்று போட்ட ஊசியால் பரிசோதனை முடிவு குழம்பி, அனுமதி இன்னும் தள்ளிப்போகும்.

விண்ணப்பம்

அனுமதியில் இரண்டு வகை உண்டு. ஒன்று பொது அனுமதி: இன்ன நிபந்தனைகளை நிறைவேற்றினால் யார் வேண்டுமானாலும் போகலாம் என்று அரசே வெளியிட்டிருக்கும், தனியாக விண்ணப்பம் தேவையில்லை. நிபந்தனைகளை வரி வரியாகப் படித்து, அதன் நகலை வண்டியில் வைத்திருந்தால் போதும். மற்றது தனி அனுமதி: உங்கள் விலங்குகளுக்கு, அந்த வண்டிக்கு, அந்தத் தேதிக்கு மட்டும் எழுதித் தருவது. உள்வளையத்திலிருந்து வெளியே போவதற்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் வேண்டியிருக்கும்.

தனி அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது காரணத்தை நாலு வரியில் தெளிவாக எழுதுங்கள். "தீவனம் இல்லை" என்று மட்டும் எழுதுவதைவிட, "40 செம்மறிகள், கையிருப்புத் தீவனம் 6 நாளுக்கு வரும், 12 ஆடுகள் இரண்டு வாரத்தில் குட்டி போடும், கூரையுள்ள இடம் இல்லை" என்று எழுதினால் அதிகாரிக்கு முடிவெடுக்க வழி கிடைக்கும். போய்ச் சேரும் இடம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இறைச்சிக்கூடம் என்றால் மண்டலத்துக்குள்ளேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் எல்லையை ஒட்டியுள்ள, இதற்கென ஒப்புதல் பெற்ற கூடத்தைச் சொல்லுங்கள். தூரத்தில் விலை கூடுதல் என்பது விதியின் கண்ணில் காரணம் ஆகாது.

அனுமதி கைக்கு வந்ததும் எண்ணிக்கை, தேதி, நேரம், வண்டி எண், வழி ஆகிய ஐந்தையும் சரிபாருங்கள். வண்டி மாறினால் பழைய அனுமதி செல்லாது. எண்ணிக்கைக்கு மேல் ஒரே ஒரு கன்று கூடினாலும் அப்படித்தான்.

மருத்துவர் வரும் நாள்

புறப்படுவதற்குச் சற்று முன், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள், கால்நடை மருத்துவர் வந்து பார்ப்பார். போகிற நாலு மாட்டை மட்டும் பார்க்க மாட்டார்; பண்ணையில் இருக்கும் மற்றவற்றையும் பார்ப்பார். கட்டுத்தறியில் நிற்கும் கிழட்டுப் பசுவுக்குக் காய்ச்சல் இருந்தால் கிளம்பும் காளைக்கும் அனுமதி இல்லை. அதுதான் நியாயமும்கூட, ஒரே தண்ணீர்த் தொட்டியில் குடித்தவைதானே.

மாடுகளைப் பிடித்துக் காட்ட ஆளும், நல்ல வெளிச்சமும் ஏற்பாடு செய்யுங்கள். கோமாரி என்றால் வெப்பநிலை, நாக்கு, ஈறு, குளம்பிடுக்கு, மடி எல்லாம் பார்ப்பார். ஆடுகளுக்கு வாயைத் திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது.

தயவுசெய்து ஒன்றைச் செய்யாதீர்கள். பரிசோதனைக்கு முன் காய்ச்சல் குறைக்கும் மருந்து கொடுக்காதீர்கள். முந்தைய நாள் வேறு காரணத்துக்காகக் கொடுத்திருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். காய்ச்சலை மறைத்து அனுப்பிய ஒரு மாடு போய்ச் சேரும் இடத்தில் இன்னொருவரின் மொத்த மந்தையையும் அழித்துவிடலாம்.

வண்டியும் வழியும்

வண்டி வருவதற்கு முன்பே கழுவப்பட்டிருக்க வேண்டும். கழுவுவதில் வரிசை முக்கியம். முதலில் சாணத்தையும் பழைய வைக்கோலையும் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீர் போட்டு ஊறவிட்டுத் தேய்த்து அலச வேண்டும். அதற்குப் பிறகுதான் கிருமிநாசினி, அதுவும் லேபிளில் சொன்ன அளவில், சொன்ன நேரம் ஈரமாக இருக்கும்படி. சாணத்தின் மேல் தெளித்த கிருமிநாசினி சாணத்தோடேயே தீர்ந்துபோகும், கிருமிக்கு ஒன்றும் ஆகாது. கோமாரி வைரஸ் அமிலத்தையும் காரத்தையும் தாங்காது. அதனால் சிட்ரிக் அமிலக் கரைசலோ 4 சதவீதச் சலவைச் சோடாக் கரைசலோ அதற்கு வேலை செய்யும். எல்லா நோய்க்கும் இது பொருந்தாது. உங்கள் பகுதியில் அந்த நோய்க்கென அங்கீகரித்த மருந்தையே பயன்படுத்துங்கள். சக்கரம், சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, ஏற்றும் பலகை, ஓட்டுநரின் காலணி, கால்மிதி ஆகியவற்றைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சாணமும் மூத்திரமும் சாலையில் ஒழுகாத அடித்தளம் வேண்டும். ஏற்றி முடித்ததும் அதிகாரி கதவுக்கு முத்திரை வைப்பார். அந்த முத்திரையை வழியில் யாரும் உடைக்கக் கூடாது. வேறு பண்ணையில் நின்று இன்னும் இரண்டைச் சேர்த்து ஏற்றுவது, வழியில் இறக்கி மேயவிடுவது, டீக் கடை ஓரம் நிறுத்திவைப்பது எதுவும் ஆகாது. மற்ற பண்ணைகளை ஒட்டிப் போகும் குறுக்கு வழியைவிட நெடுஞ்சாலையைத்தான் பெரும்பாலும் எழுதிக் கொடுப்பார்கள்.

வண்டி பழுதானால் கால்நடையை இறக்க வேண்டாம். அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு உடனே போன் செய்யுங்கள். மாற்று வண்டி அவர்கள் ஒப்புதலோடு வரட்டும். அந்த எண்ணை ஓட்டுநரிடம் காகிதத்திலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கைப்பேசியில் மின்னூட்டம் இல்லாமல் போவதும் நடக்கும்.

போய்ச் சேர்ந்த பிறகு

இறைச்சிக்கூடம் என்றால் முத்திரையைச் சரிபார்த்துத் திறந்து, மற்ற விலங்குகளோடு கலக்காமல் தனியாக வைத்து விரைவில் அறுப்பார்கள். பல விதிகளில் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் என்று இருக்கும். வண்டியை அங்கேயே மறுபடி கழுவி, கழுவியதற்கு ஒரு சீட்டு வாங்குங்கள். கழுவாத வண்டி உங்கள் வாசலுக்குத் திரும்பி வந்தால், அங்கே வேறு பண்ணை மாடு விட்டுப்போன கிருமியும் கூடவே வரும்.

வேறு பண்ணைக்குப் போனால் வேலை அங்கே முடியாது. வந்த விலங்குகளைத் தனி இடத்தில், தனித் தண்ணீர்த் தொட்டியோடு, முடிந்தால் தனி ஆளை வைத்துப் பராமரிக்க வேண்டும். நோயின் மறைவுக் காலம் முடியும்வரை அந்தப் பண்ணையிலிருந்தும் எதுவும் வெளியே போகாது என்று நிபந்தனை வரலாம். இதை ஏற்றுக்கொள்பவரிடம் முன்பே சொல்லிவிடுவது உங்கள் கடமை. நோய் இல்லாத சாதாரண நாட்களிலேயே இங்கிலாந்தில் ஒரு புது விலங்கு வந்தால் மாடு, ஆடுகளுக்கு 6 நாளும் பன்றிகளுக்கு 20 நாளும் அந்தப் பண்ணையிலிருந்து வெளியே அனுப்பத் தடை இருக்கிறது. மாடு, ஆடுகளுக்கான தடை 2001இல் பட்ட பாட்டின் விளைவு.

அனுமதி மறுக்கப்பட்டால்

எழுத்தில் காரணம் கேளுங்கள். பல சமயம் மறுப்பு நிரந்தரமானது அல்ல. பரிசோதனை முடிவு வரவில்லை, அண்டைப் பண்ணையில் மாதிரி எடுத்திருக்கிறார்கள் என்பது போன்ற தற்காலிகக் காரணமாக இருக்கும். எந்தத் தேதிக்குப் பிறகு மறுபடி கேட்கலாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விலங்குகள் உண்மையிலேயே வதைபடும் நிலை என்றால் அதை மருத்துவர் வந்து பார்த்து எழுதட்டும், அந்த அறிக்கையோடு மேல்முறையீடு செய்யுங்கள்.

மண்டலம் எப்போது நீங்கும்? நோய் வந்த பண்ணையில் விலங்குகளை அகற்றி, முதல்கட்டமாகக் கழுவிக் கிருமிநாசினி தெளித்து முடித்த நாளிலிருந்துதான் எண்ணத் தொடங்குவார்கள். நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து அல்ல. ஐரோப்பிய விதியில் கோமாரிக்கு உள்வளையம் குறைந்தது 15 நாள்; அதன்பின் அது வெளிவளையத்தோடு சேரும்; மொத்தம் 30 நாள். மண்டலத்துக்குள் இருக்கும் மந்தைகளைப் பரிசோதித்து நோய் இல்லை என்று தெரிந்தால்தான் அதுவும். நடுவில் புதுப் பண்ணையில் நோய் வந்தால் அங்கிருந்து எண்ணிக்கை மறுபடி தொடங்கும். எனவே தீவனத்துக்கும் பணத்துக்கும் திட்டம் போடும்போது 30 நாள் என்று போடாதீர்கள், 45 நாளாவது என்று போடுங்கள்.

வண்டி போன பிறகும் வீட்டில் இருக்கும் விலங்குகளைத் தினமும் இருவேளை பாருங்கள். எச்சில் ஒழுகுதல், நொண்டல், திடீரென்று பால் குறைதல், குட்டிகள் காரணமில்லாமல் சாவது என்று எது தென்பட்டாலும் முதல் போன் கால்நடை மருத்துவருக்கு, இரண்டாவது போன் உங்கள் விலங்குகளை வாங்கிக்கொண்டவருக்கு. பரிசோதனை முடிவு வரட்டும் என்று இரண்டு நாள் காத்திருக்காதீர்கள். அவர் தன் மந்தையைப் பிரித்துவைக்க அந்த இரண்டு நாள் அவருக்கு வேண்டும்.